இருந்தா... இருந்திருந்தா!

"நோ சார்... நோபடி லெஃப்ட் சார்!"

எங்க ஹாஸ்டல்ல இந்த ஒரு வரி ரொம்ப ஃபேமஸ். மெஸ்ஸில் யாராவது, "மச்சி, சாம்பார்ல காய் இருந்தா எப்படிடா இருக்கும்?"னு ஆரம்பிச்சா போதும். நாலு டேபிள் தள்ளியிருந்து "நோ சார், நோ காய் சார்!"னு குரல் வரும். மொத்த மெஸ்ஸும் சிரிக்கும். நானும்தான் சிரிச்சேன். ஆனா, முதன்முதலா அந்த வரியைச் சொன்னவன் என் ரூம்மேட். சொன்ன இடம் கேம்பஸ் இன்டர்வியூ. அன்னிக்கு ராத்திரி அவன் மெஸ் பக்கமே வரலை.

ஃப்ளாஷ்பேக் இதுதான்...

ஆப்டிட்யூட் டெஸ்ட்டில் பாஸ். டெக்னிக்கல் ரவுண்டில் கேட்ட கேள்விக்கெல்லாம் பேப்பரில் சர்க்யூட் போட்டே பதில் சொல்லி அசத்திட்டான். எங்க பேட்ச்சில் யாருக்கு லேப்பில் அவுட்புட் வரலைன்னாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். வந்து ஒரு வயரைப் பிடுங்கி வேற ஓட்டையில் சொருகுவான், எல்.இ.டி. எரியும். அப்பேர்ப்பட்டவன். கடைசியா ஹெச்.ஆர். ரவுண்ட். உள்ளே இருந்தவர் சிரிச்ச முகமா கேட்டிருக்கார்: "வாட் வுட் யூ டூ இஃப் யுவர் டீம்மேட் லெஃப்ட் தெ ப்ராஜெக்ட் இன் தெ லாஸ்ட் வீக்?"

நம்ம ஆள் காதில் பளிச்சுனு விழுந்தது 'லெஃப்ட்' மட்டும்தான். லீவ், லெஃப்ட், லெஃப்ட். பாஸ்ட் டென்ஸ்! அப்படின்னா யாரோ போயிட்டான். நம்ம ப்ராஜெக்ட் டீம்ல ஒருத்தன் பாதியில் ஓடிட்டதா எவனோ இவர்கிட்ட போட்டுக் கொடுத்திருக்கான்... பதறிப்போய், "நோ சார், நோபடி லெஃப்ட் சார்"னு சொல்லிட்டான். அவர் நிதானமா மறுபடி அதே கேள்வியைக் கேட்க, இவன் இன்னும் பதறி, "ஆல் ஃபோர் ஆர் தேர் சார். யூ ஆஸ்க் மை ஹெச்.ஓ.டி. சார்!" சாயங்காலம் நோட்டீஸ் போர்டில் ஒட்டின லிஸ்ட்டில் அவன் பேர் இல்லை.

இதுல கொடுமை என்னன்னா, ப்ளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படிச்ச அவனுக்கு, பரீட்சையில் 'இஃப் கிளாஸ்' கேள்வி வந்தா அல்வா சாப்பிடற மாதிரி. கைடு புக்ல கட்டம் கட்டிப் போட்டிருப்பாங்களே... இந்தப் பக்கம் ப்ரசன்ட் இருந்தா அந்தப் பக்கம் 'வில்'. பாஸ்ட் இருந்தா 'வுட்'. 'ஹேட்' இருந்தா கண்ணை மூடிக்கிட்டு 'வுட் ஹேவ்'. கோடிட்ட இடத்தை நிரப்பி மார்க்கை அள்ளிட்டுப் போயிடுவான். "இஃப் ஐ வேர் எ பேர்ட், ஐ வுட் ஃப்ளை"னு ஒருமுறையாவது பறவையா மாறாத மாணவர் நம்ம ஊர்ல உண்டா பாஸ்? ஆனா, அப்படி நிரப்பின வாக்கியம் உண்மையில் என்ன சொல்லுதுன்னு அவனுக்கு யாரும் சொல்லலை. எனக்கும்தான்.

கேன்டீன் டெஸ்ட்

சரி, நம்ம மக்கள் எப்படின்னு பார்க்கலாமேன்னு ஒரு மதியம் கேன்டீனில் உட்கார்ந்தேன். டீ குடிக்க வந்த நாலைஞ்சு பேரை மடக்கி ரெண்டே ரெண்டு வாக்கியம் கொடுத்தேன். "நாளைக்கு மழை பெய்தா மேட்ச் நடக்காது", "நல்லா படிச்சிருந்தா பாஸ் ஆகியிருப்பேன்". இங்கிலீஷ்ல சொல்லுங்க ப்ளீஸ்!

முதல் வாக்கியத்துக்குக் கிடைச்ச பதில், "இஃப் இட் வில் ரெயின் டுமாரோ..." நாளைக்குத்தானே, ஃப்யூச்சர் ஆச்சே, 'வில்' போடாம எப்படி? ரெண்டாவதுக்கு, "இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்..." ஒரு சீனியர் மட்டும், "நான் படிச்சிருந்தாலும் பாஸ் ஆகியிருக்க மாட்டேன், அதை எப்படிச் சொல்றது?"னு கேட்டார். 'ஈவன் இஃப்'னு ஆரம்பிக்கணும் சீனியர், மத்தபடி உங்க சோகம் கிராமர்ல வராது!

ரெண்டு பதிலையும் எடுத்துக்கிட்டு எங்க இங்கிலீஷ் மேடத்தைப் பார்க்கப் போனேன். ரூம்மேட் கதையையும் சொன்னேன். சிரிப்பாங்கன்னு பார்த்தா, சிரிக்கலை. சாக்பீஸை எடுத்து போர்டில் ஒரு குச்சி மனுஷனை வரைஞ்சாங்க. அவன் பக்கத்துலயே ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி ஒரு புள்ளி. அப்புறம் ஒரு சுவர் போட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு புள்ளி.

"இவ்வளவுதான்ப்பா. பக்கத்துல இருக்கிறது, நடக்கலாம்னு இவன் நம்பற விஷயம். தள்ளி இருக்கிறது, சும்மா கற்பனை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நடக்காமலே முடிஞ்சுபோன விஷயம். இங்கிலீஷ் ஒவ்வொரு தடவையும் 'இது எவ்வளவு தூரம்?'னு கேட்கும். அதுக்கு வினைச்சொல்லை ஒரு படி பின்னாடி தள்ளிப் பதில் சொல்றோம். அதுக்குப் போய் 'இறந்தகாலம்'னு பேர் வெச்சதுதான் வம்பே. 'தள்ளி நிற்கும் உருவம்'னு வெச்சிருந்தா, உன் ஃப்ரெண்ட் அன்னிக்குத் தப்பிச்சிருப்பான்!"

மேடம் சொன்ன கடைசி வாக்கியமே சுவருக்கு அந்தப் பக்கத்து வாக்கியம்தான்னு ரூமுக்குத் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைச்சுது.

வந்துட்டேன்மா!

'இறந்தகால உருவம் இருந்தும் இறந்தகாலம் இல்லையா? இது என்ன அநியாயம்?'னு வெள்ளைக்காரன் மேல கோபப்படறவங்களுக்கு ஒரு கேள்வி. ஞாயித்துக்கிழமை மதியம். நீங்க கட்டில்ல படுத்துக்கிட்டு செல்போன் நோண்டிட்டு இருக்கீங்க. "டேய், சாப்பிட வாடா"னு அம்மா குரல். நீங்க என்ன சொல்வீங்க? "இதோ வந்துட்டேன்மா!"

வந்துட்டீங்களா? காலைக்கூட இன்னும் கீழே வைக்கலையே! 'வந்துட்டேன்' சுத்தமான இறந்தகாலம். ஆனா சமாசாரம் இனிமேல்தான் நடக்கணும். அதுக்காக எந்த அம்மாவும் குழம்பறது இல்லை. (கரண்டியோட வருவாங்க, அது வேற விஷயம்.) அதாவது, வினைச்சொல்லோட சட்டை வேற, நிஜமான காலம் வேற. நாம 'கண்டிப்பா வர்றேன்'னு அழுத்திச் சொல்றதுக்கு இறந்தகாலச் சட்டையை மாட்டறோம். இங்கிலீஷ்காரங்க 'இது நிஜம் இல்லை, தள்ளி இருக்கு'ன்னு காட்டறதுக்கு அதே சட்டையை மாட்டறாங்க.

இன்னும் வேடிக்கை, நம்ம 'ஆல்' விகுதி. வந்தால், படித்தால், போனால், பாடினால்... வரிசையா சொல்லிப் பாருங்க. வந்த்-ஆல், படித்த்-ஆல்! எல்லாமே இறந்தகால அடியிலிருந்து பிறந்தவை. 'நாளைக்கு வந்தால்'னு எதிர்காலத்தைப் பேசும்போதும் 'வந்த்' தான். 'செய்தால்'ங்கிறதுக்குச் செய்யுளில் 'செயின்'னு வருமே, அந்த வாய்பாட்டை நன்னூல் எதிர்கால வினையெச்சங்களோட பட்டியலில்தான் சேர்த்திருக்கு. உருவம் பின்னாடி பார்க்கும், பொருள் முன்னாடி பார்க்கும். இந்தக் கோளாறை எல்லாம் தாய்ப்பால் மாதிரி குடிச்சு வளர்ந்தவங்கதான் நாம. அப்புறம் 'லெஃப்ட்'டைப் பார்த்து ஏன் பயப்படணும்?

ஏன்னா, எங்கேயோ ஒரு இடத்துல ரெண்டு மொழியும் பிரியுது. அந்த இடம்தான் என் ரூம்மேட் விழுந்த பள்ளம்.

ஒரே 'இருந்தா', ரெண்டு வேலை

"காசு இருந்தா டீ வாங்கித் தர்றேன்."

"காசு இருந்தா இந்தக் காலேஜையே வாங்கிடுவேன்."

ரெண்டுலயும் ஒரே 'இருந்தா'. முதல் ஆள் பாக்கெட்டைத் தடவிப் பார்க்கிறான், கிடைச்சாலும் கிடைக்கும். ரெண்டாவது ஆள் கனவு காண்கிறான். தமிழ் இந்த ரெண்டு பேரையும் தனித்தனியா பிரிச்சு வைக்கலை. கேட்கிறவர் ஆளைப் பார்த்து, முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்குவார். இங்கிலீஷ் அப்படி விடாது. முதல் ஆள் "இஃப் ஐ ஹேவ் மணி, ஐ வில் பை யூ டீ"ன்னு சொல்லணும். ரெண்டாவது ஆள் "இஃப் ஐ ஹேட் மணி, ஐ வுட் பை திஸ் காலேஜ்"னு சொல்லணும். 'ஹேட்'னு சொன்ன உடனே 'என்கிட்ட இல்லைப்பா'ங்கிறது தானா வந்துடும். நேத்து இருந்ததுன்னு அர்த்தம் இல்லை. இப்பவே இல்லைன்னு அர்த்தம்.

இதுக்கு நம்ம பக்கத்துலயே சூப்பர் உதாரணம் இருக்கு. இங்கிலீஷ் கிராமர் புத்தகங்கள்ல அடிக்கடி வர்ற வாக்கியம், 'இஃப் ஐ வன் தெ லாட்டரி'. தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-ல் தடை போட்டாச்சு. அதனால கோயம்புத்தூர்ல டிக்கெட்டே வாங்காம டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கனவு காண்பவர், "இஃப் ஐ வன்" என்றுதான் சொல்லணும். வாளையாறு தாண்டினா கேரளா. அங்கே 1967-லிருந்து அரசாங்கமே லாட்டரி நடத்துது. பாலக்காட்டில் கையில் டிக்கெட்டை வெச்சுக்கிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவர், "இஃப் ஐ வின்" என்று சொல்லலாம். ஒரே ஆசைதான். ஒரு செக்போஸ்ட் தாண்டினதும் கிராமர் மாறிடுச்சு பாருங்க! கைடு புக்ல இருக்கிற கட்டம் இதைச் சொல்லாது. எந்த டைப்னு முடிவு பண்றது வாக்கியம் இல்லை, அதைச் சொல்ற ஆள்.

'முதல்வன்' (1999) படத்தில், பேட்டி எடுக்க வந்த அர்ஜுனை 'ஒரே ஒரு நாள் நீ முதல்வரா இருந்து பாரு'ன்னு ரகுவரன் மடக்குவாரே... அந்த நிமிஷம் வரைக்கும் "இஃப் ஐ வேர் தெ சி.எம்." அந்த சவாலை ஏத்துக்கிட்டதும் "இஃப் ஐ பிகம் தெ சி.எம்." தள்ளி இருந்த புள்ளி டபக்குனு பக்கத்துல வந்துடுச்சு. படமே அதுதான்!

இங்கே ஒரு குட்டி சந்தேகம். 'ஐ' பக்கத்துல 'வாஸ்' தானே வரணும், 'வேர்' எப்படி? அது பழைய ஆங்கிலத்தோட மிச்சம். ஒரு காலத்துல கற்பனையைச் சொல்றதுக்குன்னே தனி வினை உருவம் அங்கே இருந்தது. மத்ததெல்லாம் தேய்ஞ்சுபோய், ஒட்டிக்கிட்டு நிற்பது இந்த 'வேர்' தான். பேச்சுல 'இஃப் ஐ வாஸ்'னு சொல்றவங்க அந்த ஊர்லயே ஏராளம். ஆனா பரீட்சையிலும் அப்ளிகேஷனிலும் 'வேர்' போட்டுடுங்க, வம்பே இல்லை.

'கேன் யூ' என்பதைவிட 'குட் யூ' ஏன் மரியாதைன்னும் இப்பப் புரியும். 'கேன்'-ஐ ஒரு படி பின்னாடி தள்ளினா 'குட்'. கேட்கிறவர் கொஞ்சம் தள்ளி நின்னு கேட்கிறார், அவ்வளவுதான். நாம 'ங்க' சேர்த்துத் தள்ளி நிற்கிறோம்.

இன்ஜினீயரிங் மக்கள் இன்னொரு இடத்துலயும் வழுக்கறோம்னு நினைக்கிறேன். காலேஜுக்கு வந்த புதுசுல நமக்கு 'இஃப்'-ஐ ஒழுங்கா சொல்லிக்கொடுத்தது சி லாங்வேஜ். கண்டிஷன் சரியா, உள்ளே போ. தப்பா, 'எல்ஸ்' பக்கம் போ. கம்ப்யூட்டருக்கு நம்பிக்கை, ஏக்கம், வருத்தம் எதுவும் கிடையாது. "இஃப் யூ ஹீட் ஐஸ், இட் மெல்ட்ஸ்" மாதிரி எப்பவுமே நடக்கிற விஷயத்துக்கு வேணா அந்த இஃப் சரிப்படும். ஹெச்.ஆர். கேட்ட 'இஃப்' அந்த இஃப் இல்லையே!

பஸ்ஸை விட்டவன்

சுவருக்கு அந்தப் பக்கம் போவோமா? இதுக்குக் கைடு புக்கே வேண்டாம், '12பி' (2001) பார்த்தா போதும். இன்டர்வியூவுக்குக் கிளம்பின ஷாம், பஸ்ஸைப் பிடிச்சா ஒரு வாழ்க்கை, விட்டா வேற வாழ்க்கை. ரெண்டையும் மாத்தி மாத்திக் காட்டுவார் ஜீவா. 'பிடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்?' என்ற ஒரு வரிதான் மொத்தக் கதையும்.

நம்ம ஜனத்துக்கு இன்னும் ஆறாத உதாரணம் வேணும்னா, 2019 உலகக் கோப்பை அரையிறுதி. மான்செஸ்டர், ஜூலை 10. நியூசிலாந்தின் கப்டில் அடிச்ச அந்த ஒரு த்ரோ. 50 ரன்னில் தோனி ரன் அவுட். 18 ரன்னில் நாம காலி. "தோனி அன்னிக்கு அவுட் ஆகாம இருந்திருந்தா நாம ஜெயிச்சிருப்போம்"னு எங்க ஹாஸ்டல் டி.வி. ரூமில் இப்பவும் ஒருத்தன் புலம்புவான். "இஃப் தோனி ஹேட் நாட் பீன் ரன் அவுட், இந்தியா வுட் ஹேவ் வன்." அவுட் ஆனார் என்பதும், தோத்தோம் என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே புதைஞ்சிருக்கு. வெளியே ஒரு வார்த்தை இல்லை.

இந்த இடத்துல தமிழும் இங்கிலீஷும் அண்ணன் தம்பி மாதிரி. படிச்சு-இருந்தா. ஹேட் ஸ்டடீட். ஆகி-இருப்பேன். வுட் ஹேவ் பாஸ்டு. அங்கே 'ஹேவ்' செய்யற வேலையை இங்கே நம்ம 'இரு' செய்யுது. ரெண்டு பக்கமும் 'இரு' வருது, அங்கேயும் ரெண்டு பக்கமும் 'ஹேவ்' வருது. அப்படியே படியெடுத்தாலே போதும்!

இப்ப கேன்டீன் பதிலுக்கு வருவோம். "இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்" ஏன் தப்புன்னு விதியை எல்லாம் மனப்பாடம் பண்ண வேண்டாம். தமிழ்ல திருப்பிப் பாருங்க. "நான் படிச்சிருப்பேன்னா பாஸ் ஆகியிருப்பேன்"னு நாம சொல்வோமா? நாக்கே ஒத்துழைக்காது. 'இருப்பேன்' ஒரே பக்கம்தான் வரும். 'வுட்'டும் அப்படித்தான், ஒரு வாக்கியத்துல ஒரே பக்கம். (அமெரிக்கர்களே பேச்சு வாக்கில் இந்தத் தப்பைப் பண்றாங்கன்னு ஒருத்தர் சண்டைக்கு வந்தார். பண்றாங்க சார், ஒத்துக்கறேன். ஆனா அவங்க நம்ம ஊர் இன்டர்வியூவுக்கு வரப்போறது இல்லையே!)

மழைக்கும் அதே வைத்தியம். "மழை பெய்தா மேட்ச் நடக்காது." 'பெய்தா'வில் எதிர்காலம் எங்கே இருக்கு? இல்லை. அது 'நடக்காது'ல இருக்கு. இங்கிலீஷிலும் "இஃப் இட் ரெயின்ஸ்" என்று விட்டுட்டு, 'வில்'லை மேட்ச் பக்கம் வெச்சுட்டா போதும். அப்போ 'இஃப்' பக்கத்துல 'வில்' வரவே வராதா? வரும்! "நீ வருவேன்னா நானும் வர்றேன்"னு சொல்றோமே, 'உனக்கு வர சம்மதம்னா' என்ற அர்த்தத்துல... அங்கே வரலாம். "இஃப் யூ வில் வெயிட் எ மொமென்ட்..." 'நீங்க கொஞ்சம் வெயிட் பண்ணுவீங்கன்னா...' கடைக்காரரோட பணிவு. 'வந்தா'வுக்கும் 'வருவேன்னா'வுக்கும் வித்தியாசம் தெரிஞ்ச நமக்கு இதைத் தனியா சொல்லித் தரவே வேண்டாம்.

ரெண்டு சுவரையும் கலந்துகட்டி அடிக்கிறதும் உண்டு. "அன்னிக்கு கவுன்சலிங்ல இ.சி.இ. எடுத்திருந்தா, இப்ப ஏ.சி. லேப்ல உட்கார்ந்திருப்பேன்"னு பட்டறையில் ரம்பம் பிடிச்சுக்கிட்டே மெக்கானிக்கல் நண்பர் ஒருத்தர் புலம்பினார். எடுக்காதது அன்னிக்கு. வேர்க்கிறது இப்போ. அதனால "இஃப் ஐ ஹேட் டேக்கன் இ.சி.இ., ஐ வுட் பி இன் தெ ஏ.சி. லேப் நவ்". பின்பக்கம் 'வுட் ஹேவ்' தேவையில்லை. 'ஹேட் வந்தா வுட் ஹேவ்'னு கட்டத்தை மட்டும் நம்பினவங்க இங்கே மாட்டுவாங்க.

காதுக்கு ஒரு எச்சரிக்கை. இங்கிலீஷ் படத்துல யாரும் 'ஹேட்', 'வுட்'னு நிறுத்தி நிதானமா சொல்ல மாட்டாங்க. "இஃப் ஐட் நோன், ஐட் ஹேவ் கம்"னு முழுங்கிடுவாங்க. முதல் 'ஐட்' ஐ ஹேட். ரெண்டாவது 'ஐட்' ஐ வுட். சப்டைட்டில் போட்டுப் பாருங்க, வெட்கமே வேண்டாம்.

நம்பிக்கையும் கிராமர்தான்

ருட்யார்ட் கிப்ளிங் எழுதின 'இஃப்' கவிதை நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். 1910-ல் அவரோட புத்தகத்துல வந்தது. மொத்தம் 32 வரி, மொத்தமும் ஒரே வாக்கியம்! 'இஃப்', 'இஃப்'னு அடுக்கிக்கிட்டே போய், கடைசி ரெண்டு வரியிலதான் 'அப்படின்னா என்ன' என்பதையே சொல்வார். மேடம் சொன்னதுக்கு அப்புறம் அதை மறுபடி படிச்சேன். அத்தனை இஃப்-லயும் 'கேன்' மாதிரி பக்கத்துப் புள்ளிதான். ஒரு இடத்துல கூட 'குட்' இல்லை. மகனைப் பார்த்து ஒரு அப்பா பேசற கவிதை அது. 'உன்னால முடிஞ்சா'னு சொல்றார். முடியும்னு நம்பிச் சொல்றார். அத்தனையையும் ஒரு படி பின்னாடி தள்ளியிருந்தா? 'உன்னால எங்கேடா முடியப்போகுது'னு ஆகியிருக்கும்!

ஒரு காப்பி பிரின்ட் எடுத்து ரூம்மேட்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். அப்புறம், "மச்சி, அன்னிக்கு ஹெச்.ஆர். கடைசியா 'எதுக்கு எங்க கம்பெனி?'ன்னு கேட்டார்டா. நான் 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் ஒர்க் ஹார்ட்'னு சொன்னேன்" என்றான்.

கிராமர்படி ஒரு தப்பும் இல்லை. பரீட்சையில் முழு மார்க். ஆனா, அவன் சொன்னது, 'எனக்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகுது... ஒருவேளை கிடைச்சா...' என்பது மாதிரி. டேபிளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அவன் சொல்ல நினைச்சது 'இஃப் ஐ கெட்'. ஒரே ஒரு எழுத்தில், வேலைக்கு வந்தவன் வேலையைக் கனவு காண்பவனா மாறிட்டான்.

அதுக்கப்புறம் ஒரு பத்து நாள் எங்க ரூமே கோர்ட் மாதிரி இருந்தது. நான் ஹெச்.ஆர். வேஷம் போட்டு, "வாட் வுட் யூ டூ இஃப் யுவர் பாஸ் ஷவுட்டட் அட் யூ?"ன்னு அதட்டுவேன். கேள்வியில் 'வுட்' இருந்தா இது கற்பனை, யாரும் யாரையும் கத்தலை. அவன் ஒரு செகண்ட் மூச்சு விட்டுட்டு, "ஐ வுட் லிசன் ஃபர்ஸ்ட்"னு ஆரம்பிப்பான். கேள்வியில வந்த 'வுட்'டையே பதில்லயும் பிடிச்சுக்கணும், அதான் நாங்க கண்டுபிடிச்ச கைப்பிடி. சில நாள் அவனே ஹெச்.ஆர். ஆகி, "வாட் வுட் யூ டூ இஃப் யுவர் ரூம்மேட் ரோட் அன் ஆர்ட்டிகிள் அபவுட் யூ?"ன்னு என்னைக் கேட்பான். இந்தக் கட்டுரைக்கு அவன் சம்மதம் வாங்கியாச்சு, பயப்படாதீங்க!

அடுத்து வந்த கம்பெனி சின்னது. ஒரு அரியர் இருந்தாலும் உட்காரலாம்னு சொன்னாங்க. அவனுக்குச் சரியா ஒண்ணு இருந்தது, எம்-3. ஹெச்.ஆர். ரவுண்டில் இந்தத் தடவை வந்தவர் ஒரு மேடம். கேட்டது, கஸ்டமர் நாளைக்கே வேணும்னு சொன்னா என்ன செய்வே என்கிற மாதிரி ஒரு 'இஃப்'. முடிச்சுட்டு வெளியே வந்தவன் முகத்தைப் பார்த்தேன். "எல்லாம் 'வுட்'ல சொன்னேன்டா. கடைசியா மட்டும் 'வென் ஐ ஜாயின்'னு வாய் தவறி வந்துடுச்சு. அவங்க சிரிச்சுட்டாங்க" என்றான். 'இஃப்'-ஐயே தூக்கிக் கடாசிட்டு 'வென்' போட்டிருக்கான் படுபாவி!

லிஸ்ட்டில் அவன் பேர் இருந்தது.

போன வாரம் ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்தது. ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சோம். நடுவுல ஒரு வரி: "திஸ் ஆஃபர் வில் பி வித்ட்ரான் அன்லெஸ் யூ கிளியர் ஆல் யுவர் பேப்பர்ஸ்." 'அன்லெஸ்'ஸுக்குள்ளயே 'இல்லைன்னா' ஒளிஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி 'டோன்ட்' சேர்த்து 'அன்லெஸ் யூ டோன்ட் கிளியர்'னு நம்ம ஆட்கள் எழுதறது வழக்கம்; எழுதினா அர்த்தம் தலைகீழாயிடும். அவன் அந்த வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு, "அப்ப கிளியர் பண்ணலைன்னா..." என்று இழுத்தான். "பண்ணலைன்னா இல்லைடா"னேன்.

இதை எழுதிட்டு இருக்கும்போது மணி ராத்திரி ஒண்ணு. பக்கத்துக் கட்டில்ல எம்-3 புக் விரிஞ்சு கிடக்கு. ஃபோரியர் சீரிஸ் மூணாவது சம்மில் மாட்டிக்கிட்டு பேனாவைக் கடிச்சுட்டு இருக்கான்.

"மச்சி, இதை மட்டும் கிளியர் பண்ணிட்டா..."

"இங்கிலீஷ்ல சொல்லுடா."

"இஃப் ஐ கிளியர்."

"கிளியர்டா?"

"கிளியர்டு இல்லைடா. கிளியர்! லைட்டை அணைக்காதே."